நம்பர் பார்க்காத கையெழுத்து

பதுளைக் கச்சேரி என்கிற மாவட்ட அலுவலகத்தில், துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் துவக்கு லைசென் புதுப்பிக்கிற மேசைக்கு ஜெனீரா வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒன்பது வருஷம் மட்டக்களப்பில் வேலை. புருஷன் மர்ஸூக்குக்குப் பதுளைக் கடைவீதியில் இரும்புக் கடை. இரண்டு பெண் பிள்ளைகளும் அவரோடு. மாதத்தில் ஒரு தடவை பஸ் ஏறி வந்து, பிள்ளைகளின் தலையை வாரிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிய ஒன்பது வருஷம். எத்தனை பேரிடம் கெஞ்சி இந்த மாற்றம் கிடைத்தது என்பது அவளுக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். இனி இந்த ஊரை விட்டு ஓரடி நகர்வதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சட்டம் என்னவோ சின்னதுதான். வருஷக் கடைசியில் துவக்கை நேரில் கொண்டுவர வேண்டும். இரும்பில் வெட்டியிருக்கிற நம்பரைப் பதிவேட்டு நம்பரோடு ஒத்துப் பார்த்து, ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதி மேசை லிகிதர், அதாவது கிளாக்கர், கையெழுத்துப் போட வேண்டும். எழுபத்தோராம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு கண்டிப்பு கூடிப்போயிருந்தது. கண்டிப்பெல்லாம் யாருக்கு? பெரிய மனிதர்களின் துவக்கு வீட்டில் சுகமாகத் தூங்கும், கடதாசி மட்டும் பியோன் கையில் வரும். ஜெனீராவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் இரும்பைக் கண்ணால் காணாமலே கையெழுத்தைச் சுழித்துக் கொடுத்து வந்தார்கள். கேட்க யாருக்கும் நாக்கு எழவில்லை.

அந்தத் திங்கட்கிழமை வரிசையில் முதல் ஆளாக நின்றவன் யாகோப்பு, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றின் காவற்காரன். பன்றி விரட்டுகிற நெட்டைத் துவக்கு தோளில் கிடந்தது. துவக்கோடு வந்தவனை பஸ்காரன் ஏற்றவில்லை. ஞாயிறு விடியவே புறப்பட்டு, பண்டாரவளைக் கோயில் வாசலில் படுத்து, நடுச்சாமத்தில் எழும்பி, நடந்தே வந்திருந்தான். குதிகால் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது.

அவனுடைய நம்பரை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கோர்ட்டுப் பியோன் கணபதி ஒரு உறையை மேசையில் போட்டான்.

“நீதவான் ஐயா குடுத்தனுப்பினாரு. ஒரு கையெழுத்துதாம்மா. நின்னு வாங்கிட்டுப் போறேன்.”

உறைக்குள் இருந்த லைசென்ஸைப் பிரித்துப் பார்த்தாள். “பிஸ்டல் எங்க?”

கணபதி சிரித்தான். “நல்ல கேள்வி கேட்டீங்க போங்க! ஒளிச்சு வச்சுக்கத்தானே அவருக்கு லைசென்சே குடுத்திருக்கு. கோர்ட்டுக்குள்ளயே கறுப்புக் கோட்டுக்கடியில வச்சிருக்காரு. யாரும் பாக்கக் கூடாதாம்.”

“ஊர் பாக்கத்தான் கூடாது. பதிவேடு பாக்கணும். துவக்கோட வரச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு உறையைத் திருப்பி நீட்டினாள். வரிசையில் ஒரு சலசலப்பு. உள்ளறையிலிருந்து பெரிய கிளாக்கர் பிலிப்பு பதறிக்கொண்டு வந்தார். மோசமானவர் இல்லை, பாவம். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது, அதுதான் அவருடைய நோய்.

“பிள்ள, ஒனக்கென்ன பைத்தியமா? போட்டுக் குடுத்திரும்மா.”

“ஐயா, இந்த மனுசன் ஹல்துமுல்லையில ஈந்து நடந்து வந்தீக்கிறார். கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் அஞ்சு நிமிசம். அவருக்கு வரேலாதா?”

பிலிப்பு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பதினொரு மணிக்கு நீதவானே வந்தார். வரிசை தானாக ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: “நான் யார் என்று உனக்குத் தெரியுமா?”

ஜெனீராவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனாலும் வரிசை முழுக்கக் கேட்கும்படி தமிழிலேயே சொன்னாள்.

“நல்லாத் தெரியும் சார். துவக்கத்தான் தெரியாது. காட்டுங்க.”

கறுப்புக் கோட்டை விலக்கி, இடுப்பிலிருந்து பிஸ்டலை உருவி மேசையில் படாரென்று வைத்தார். குண்டு நிரப்பியிருந்தது. அவள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“குண்டக் கழட்டுங்க சார்.”

“இங்க எல்லாருமே வெறுந்துவக்குத்தாங்க கொண்டாந்திருக்கோம்,” என்றான் யாகோப்பு சுவரோரத்திலிருந்து. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதவானின் காது சிவந்தது. கழற்றினார்.

அவள் இரும்பைத் திருப்பிப் பார்த்தாள். பதிவேட்டைப் பார்த்தாள். மறுபடியும் இரும்பைப் பார்த்தாள். நம்பர் ஒரு இலக்கம்கூட ஒத்துவரவில்லை. செய்த நாடே வேறு.

“சார், இது ஒங்கட பிஸ்டல் இல்ல.”

“பழையதை மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டேன். இது மூன்று வருஷமாக என்னிடம் இருக்கிறது. நம்பரை மாற்றி எழுது.”

மூன்று வருஷம்! சென்ற மாதம்தான் வெலிமடை உருளைக்கிழங்குத் தோட்டக்காரன் ஒருவனை, லைசென் முடிந்த துவக்கு வைத்திருந்தான் என்று இதே மனிதர் ஆறு மாதம் உள்ளே தள்ளியிருந்தார். தள்ளும்போது இடுப்பில் இருந்தது இதுதான். ஜெனீராவின் பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, உடம்பு முழுக்கக் கோபம்தான் நின்றது.

‘கொண்டுவரப்பட்ட ஆயுதம் பதிவிலுள்ளது அல்ல. புதுப்பிக்கப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“வெச்சிட்டுப் போங்க சார். லைசென் இல்லாத சாமான் வெளிய போகக் கூடாது.”

அவர் பிஸ்டலைப் பறித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார். ‘மேற்படியார் ஆயுதத்தை ஒப்படைக்க மறுத்து எடுத்துச் சென்றார்’ என்று அதையும் எழுதினாள். பிறகு யாகோப்பைக் கூப்பிட்டு, நம்பர் சரியென்று கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிலிப்பு வந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு கடிதம்.

“மன்னாருக்கு மாத்திட்டாங்க. முதலாந் தேதி அங்க நிக்கணும்.” பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். “இந்த ரெண்டு வரிக்கும் கீழ, தவறுதலா எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதிரு. கடிதத்த இப்பவே கிழிச்சிர்றேன். மேல பேசிட்டேன். பிள்ளைங்கள நெனச்சுப் பாரும்மா.”

நினைத்தாள். வேறென்ன நினைப்பாள்? உம்மா மறுபடி போய்விடுவாளோ என்ற பயம் தீர்ந்து, சின்னவள் இப்போதுதான் ராத்திரியில் அவள் முந்தானையைப் பிடிக்காமல் தூங்கப் பழகியிருந்தாள். மன்னாருக்குப் போக ஒரு பகல் போதாது. ஜெனீராவுக்கு அழுகை பொங்கியது. வெட்கப்படாமல், அத்தனை பேர் பார்க்க அழுதாள். பிலிப்பு ஆறுதலாகப் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

வாங்கினாள். பதிவேட்டை மூடி அவர் பக்கம் தள்ளினாள். மாற்றக் கடிதத்தை இழுத்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“ஐயா, மன்னார்க் கச்சேரியிலயும் துவக்கு மேசை ஒண்டு ஈக்கும்தானே?” மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அதையே எனக்குத் தரச் சொல்லி எழுதுங்க.”