கிழிபடாத சட்டை

நிசிமின் அக்கா ஜாக்லினைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. அவள் பெயரைச் சொன்னாலே நாக்கு கசக்கிறது.

நிசிம் இங்கே இஸ்ரேலில், ஹைஃபாவில் பஸ் ஓட்டியவன். லாரிசா உக்ரைனிலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா யூதர், அம்மா யூதர் இல்லை; தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளையும் யூதர் என்பது மதக் கணக்கு. அதனால் எங்கள் மதகுருக்களான ரப்பிகள் கல்யாணம் செய்துவைக்க மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். மதம் பார்க்காத சைப்ரஸுக்குப் போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு வரலாம்தான். ஆனால் விமானம் என்றாலே நிசிமுக்கு உதறல். கடைசியில் வக்கீலிடம் கையெழுத்துப் போட்டு, கல்யாணமாகாத துணைகளாகக் குடித்தனம் நடத்தினார்கள். நகராட்சி, வரி ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அவர்களை ஜோடி என்று ஒத்துக்கொண்டன. படுத்த படுக்கையாகிவிட்ட நிசிமின் அம்மாவும் அவர்களோடுதான் இருந்தாள். அவர்களுக்கு மேல்மாடியில் நான்.

போன மாதம் மாரடைப்பில் நிசிம் போய்விட்டான்.

எங்கள் யூத வழக்கப்படி, இறந்தவரின் ரத்த உறவும் மனைவியும் மயானத்தில் சட்டையைக் கழுத்தருகே கிழித்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கிழித்துக்கொண்டவர்கள்தான் துக்கத்துக்கு உரியவர்கள். ஜாக்லின் இதற்கென்றே சாயம்போன பழைய பனியன் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். லாரிசா, நிசிம் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த நீலச் சட்டையில் வந்தாள்.

"ஏம்மா, இதையா கிழிக்கப் போற?" என்று கேட்டேன்.

"நல்லதத்தான கிழிக்கணும், மர்செல்?" என்றாள்.

அடக்கம் செய்கிற சங்கத்துப் பெண் பிளேடோடு வந்தாள். முதலில் ஜாக்லினின் பனியனைக் கீறிவிட்டு லாரிசாவிடம் திரும்பினாள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

லாரிசா வாய் திறப்பதற்குள் ஜாக்லின் முந்திக்கொண்டாள். "தம்பிக்குத் தெரிஞ்சவங்க. கூட இருந்தாங்க, அவ்வளவுதான்."

"சட்டப்படி நான் அவரோட துணை," என்றாள் லாரிசா.

"அது சர்க்கார் சட்டம்மா. இங்க செல்லாது," என்று சொல்லி அந்தப் பெண் பிளேடை மடக்கிவிட்டாள். ஜாக்லின் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு நாள் துக்கம் லாரிசாவின் வீட்டிலேயே நடந்தது. துக்கக்காரருக்கான தாழ்வான நாற்காலியில் ஜாக்லின் மட்டும் உட்கார்ந்தாள். வந்தவர்கள் எல்லாரும் குனிந்து அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். லாரிசா டீ போட்டாள், முட்டை அவித்தாள், கிளாஸ் கழுவினாள். நடுநடுவே உள்ளே போய் மாமியாருக்கு ஊட்டி, துணி மாற்றிவிட்டு வந்தாள். மகன் செத்ததுகூட அந்தக் கிழவிக்குத் தெரியாது.

யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரி ஜாக்லினின் காதருகே குனிந்தாள். "இந்த வேலைக்காரி நல்லா சுத்தமா இருக்காளே. எங்க புடிச்சீங்க?"

"ஏதோ கடவுள் புண்ணியம், கெடைச்சா," என்றாள் ஜாக்லின், லாரிசா சுட்ட கேக்கை மென்றுகொண்டே.

"வேலைக்காரியா? உன் தம்பி பொண்டாட்டிடி அவ!" என்று கத்திவிட்டேன்.

"துக்க வீட்ல சத்தம் போடாத மர்செல். நல்லா இல்ல."

ஏழாம் நாள் காலையில் துக்கம் முடிந்தது. ஜாக்லின் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். லாரிசா அவள் எதிரே வந்து நின்றாள்.

"அம்மாவ எப்ப கூட்டிட்டுப் போறீங்க? அவங்க சாமானெல்லாம் எடுத்து வச்சிட்டேன்."

ஜாக்லின் முகத்தில் ஈயாடவில்லை. "எங்க வீட்டுக்கா? மூணாவது மாடி, லிஃப்ட்டும் கிடையாது. நீயே இப்படிக் கேக்கலாமா லாரிசா? நீ அவங்களுக்கு மருமகளாச்சே!"

"அப்படியா? சரி, நிசிமோட கல்லறைக் கல்லுல 'மனைவி லாரிசா'ன்னு போடச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

ஜாக்லின் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். "அதெல்லாம் ரப்பிகிட்ட கேக்கணும். நம்ம கையிலயா இருக்கு?"

உள்ளேயிருந்து கிழவி லாரிசாவைக் கூப்பிட்டாள். "லாரா! லாரா!" கூடவே நாற்றமும் வந்தது. ஜாக்லின் நகரவில்லை, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டாள். லாரிசா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ஜாக்லின் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"பாத்தியா மர்செல்? பெத்த பொண்ணு என்னக்கூட அம்மா இப்படிக் கூப்பிட்டதில்ல. மருமகள்னா இவதான்."

கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள்.