திருநீறு நனைந்த இடம்

கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடை வரிசையில் ‘விஷ்ணுப்ரியா மோட்டார்’ என்று பலகை ஏறி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கடையை நடத்தும் விஷ்ணுப்ரியாவின் மாமனார் இராமலிங்கத்துக்கு மட்டும் அந்தப் பலகை கண்ணில் பட்டதே இல்லை. கைப்பேசியில் யார் கூப்பிட்டாலும், “மகன் கடையில இருக்கேன்,” என்பார். அந்த மகன், அவள் கணவன் ஜீவனோ, போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவன். ஸ்பேனரைக் கையில் கொடுத்தால் முதுகு சொறிவான். பொம்பளை பேரில் மோட்டார் கடை வைத்தால் எவன் வண்டியைக் கொண்டுவருவான் என்பது கிழவரின் கட்சி. அதைக் கேட்கும்போதெல்லாம் விஷ்ணுப்ரியாவுக்குச் சுருக்கென்று தைக்கும்.

வண்டிகள் வரத்தான் செய்தன. ஆயுத பூசையன்று காலை வாடிக்கைக்காரன் லோகனும் அவன் கூட்டாளிகளும் கடை வாசலை மோட்டார் சைக்கிள்களால் அடைத்துவிட்டார்கள். பூசை முடிந்ததும் அப்படியே மாரான் முருகன் கோயிலுக்குக் கிளம்புவதாகத் திட்டம். முன்னால் போகப்போவது லோகனின் வண்டி. அதற்கு நீல நிற சிலிக்கோன் ரேடியேட்டர் குழாய்களைப் போன வாரம் மாட்டிக்கொடுத்தவள் விஷ்ணுப்ரியா.

அந்த வேலையில் அவளுக்குத் தலைக்கனம் உண்டு, இருக்கட்டுமே. குழாயை மாட்டி, அது விரிந்துகொடுத்த பிறகுதான் அதைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்புக்கு அளவெடுப்பாள். எல்லாரும் போடுகிற திருகு கிளிப்பில் வரிவரியாகத் துளை இருக்கும். சிலிக்கோன் மெத்தென்றிருக்கும், இறுக்க இறுக்க அந்தத் துளைகள் கடித்துவிடும். அதனால் தானே கவ்விக்கொள்ளும் கறுப்பு ஸ்பிரிங் கிளிப்பைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தாள். குழாய் சூட்டில் விரிந்தாலும் ஆறிச் சுருங்கினாலும் அதுவும் கூடவே விரிந்து சுருங்கும். பார்க்கத்தான் அழகில்லை.

பூசைக்கு இராமலிங்கம்தான் பூசாரி. திருநீற்றை அள்ளி டேங்க், விளக்கு, சக்கரம் என்று கண்ட இடத்திலெல்லாம் மூன்று விரலால் பட்டை போட்டார். லோகனின் வண்டியில் ரேடியேட்டர் குழாயைக்கூட விடவில்லை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது, எஞ்சின்கள் உறுமின. வண்டிகள் சூடேறிக்கொண்டிருக்கையில் கிழவர் திடீரென்று அலறினார்.

“ஐயய்யோ, பட்டை கரையுது! ஏதோ சாமி குத்தம் ஆயிப்போச்சு!”

விஷ்ணுப்ரியா குனிந்து பார்த்தாள். லோகன் வண்டியில், குழாய் முனையில் இருந்த திருநீறு மட்டும் பச்சையாக நனைந்து வழிந்தது. சாமியுமில்லை, குத்தமுமில்லை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் கசிகிறது. “எஞ்சினை நிறுத்து!” என்றாள்.

“குழாய் போட்டது நீதானேம்மா?” என்றார் மாமனார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஒரு வண்டி மாரான் போகிற வழியில் காராக் மேட்டில் ஆவி கக்கிக்கொண்டு நின்றால் போதும், பலகையைத் தானே கழற்றி வைத்துவிடலாம். துணியால் துடைத்த பிறகுதான் கண்டாள். அவள் போட்ட கறுப்புக் கிளிப் அங்கே இல்லை. பளபளவென்று ஒரு திருகு கிளிப், அதுவும் குழாயின் விளிம்பில். முறுக்கிய முறுக்கில் சிலிக்கோன் துளைகளின் வழியே பிதுங்கிக்கொண்டிருந்தது.

லோகனைப் பார்த்தாள். அவன் வண்டிக்குப் போட்ட மாலையை ரொம்ப அக்கறையாகச் சரிசெய்துகொண்டிருந்தான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் நல்ல நாளும் அதுவுமாக, அத்தனை பேர் நடுவில் ஒருவனைக் கூனிக்குறுக வைக்க மனம் வரவில்லை.

“என் கடையில நிக்கிற வண்டி மாமா. நான் பார்த்துக்கிறேன்.”

“இன்னும் ரெண்டு சுத்து டைட் பண்ணா போதும் லா அக்கா. நேரமாச்சு,” என்று முனகினான் லோகன்.

“இறுக்கினா இன்னும் கடிக்கும். சூட்டோட திறந்தா மூஞ்சி வெந்துடும். ஆறட்டும். எல்லாரும் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுங்க.”

எஞ்சின் ஆறியது. குழாயைக் கழற்றி, கடிபட்ட முனையை நேராக வெட்டிப் போட்டாள். எஞ்சின் பக்கத்துக் குழாய்வாயில் ஒரு மேடு இருக்கும். கிளிப் அதன்மேல் உட்காரக்கூடாது, அதற்குப் பின்னால் உட்கார வேண்டும். குழாயை மேட்டைத் தாண்டி உள்ளே தள்ளினாள். குறடால் வேறொரு கறுப்பு ஸ்பிரிங் கிளிப்பை விரித்து, இடம் பார்த்து விட்டாள். அது கவ்விக்கொண்டது. கூலண்ட் ஊற்றி எஞ்சினை முடுக்கினாள்.

“மாமா, கிளிப்பைச் சுத்தித் திருநீறு பூசுங்க.”

“மறுபடியுமா?”

“மறுபடியும்தான். கசிஞ்சா அதுவே காட்டிக்கொடுக்கும்.”

சூடேறியது. ரேடியேட்டர் விசிறி சுழன்றது. அத்தனை தலைகளும் குனிந்தன. திருநீறு வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

அவள் வெட்டிப் போட்ட துண்டை லோகன் கையில் எடுத்துப் பார்த்தான். அதில் வரிவரியாகக் கடித்த தழும்பு.

“அங்கிள், அக்கா மேல தப்பில்ல. நேத்து நான்தான் கிளிப்பை மாத்தினேன். பூசைக்கு ஃபோட்டோ எடுக்கிறப்போ மினுமினுன்னு இருக்கட்டும்னு...”

இராமலிங்கம் மருமகளிடம் திரும்பினார். “உனக்குத் தெரியுமா?”

“நான் போட்ட கிளிப் எனக்குத் தெரியாதா மாமா?” என்றாள். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துக் கிழவரின் கைப்பேசி அடித்தது. கூப்பிட்டது பழைய கூட்டாளி கார்த்திகேசு.

“எங்க இருக்கேனா? கடையில.” தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார். பிறகு, வண்டிகளின் உறுமலையும் மீறிக் குரலை உயர்த்தினார். “மருமக கடையிலய்யா. பலகையில அவ்வளவு பெருசா பேரு போட்டிருக்கே, உனக்குக் கண்ணு தெரியாதா?”