கனிகனி

அகராதிக்குச் சொல் சேகரிக்கத் தலைநகர் சுவாவிலிருந்து வந்திருந்த மகெரேதா, பாயில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். 'கனிகனி' என்றால் என்ன என்று கேட்டாள். கூடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடி அடங்கியது. அபோரோசா இடுப்பில் சுற்றியிருந்த சுலுத் துணியின் விளிம்பை இழுத்துக் காலை மறைத்துக்கொண்டார்.

அந்தக் கந்தாவுத் தீவுக் கிராமத்தில் சொல்லுக்கு அவர்தான். வலையின் முடிச்சுக்கு எத்தனை பெயர், எந்தக் காற்று எந்த மாதத்தில் என்று கேட்டால் சாப்பாட்டை மறந்து விளக்குவார். சொல்லுங்கள் என்பதுபோல் ஊர்த்தலைவர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். வேறு சொல்லாக இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது அபோரோசாவுக்கு. வாசற்பக்கம் பெண்களோடு அவர் மனைவி லிதியானா இருந்தாள்.

வேரை இடித்துக் கரைத்த போதைப் பானமான யங்கோனாவை இனித் தொடமாட்டேன் என்று ஜனவரியில் சபை முன்னால் எழுந்து வாக்குக் கொடுத்தவர் அவர். லிதியானா அதை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாள். பிப்ரவரியிலேயே மச்சான் சைலோசியின் கொப்பரைக் கொட்டகையில் மறுபடி சிரட்டையை ஏந்தினார். கால் ஏன் இன்னும் இப்படி இருக்கிறது என்று அவள் கேட்டபோது, உப்புத் தண்ணியும் வெயிலும் என்றார். நம்பினாள். ஆகஸ்ட் ஆகியும் நம்பிக்கொண்டிருந்தாள். அதுதான் அவரைக் கூசவைத்தது.

யங்கோனா மிதமிஞ்சிக் குடிப்பவர்களுக்குத் தோல் காய்ந்து செதில் செதிலாக உரியும், அதற்குத்தான் அந்தப் பெயர் என்று சுருக்கமாக முடித்தார். மகெரேதா விடவில்லை. இந்தச் சொல் எப்படி வந்திருக்கும் என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் அவர் தன்னை மறந்தார். திரும்பத் திரும்ப நடப்பதை நம் மொழி இரட்டித்துச் சொல்லும், இங்கேயும் ஒரு செதில் போனால் அடியில் இன்னொன்று என்றார். சாப்பிடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு, ஆனால் ஓசை ஒத்துப்போவது மட்டும் சாட்சியாகாது என்றார். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் தொடங்கும், பிறகு புறங்கை என்று தன் கையிலேயே தொட்டுக் காட்டினார். அவள் எழுத எழுத அவருக்கு உற்சாகம் ஏறியது.

"ஒரு விசேஷம் என்னன்னா, இது நிரந்தரம் இல்ல. குடிய விட்டாப் போதும். ஒரு மாசம், மிஞ்சினா ரெண்டு மாசம். பழசெல்லாம் உதிர்ந்து பச்சப்புள்ளத் தோல் மாதிரி ஆயிடும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

பாயின் ஓரத்துக் கம்பளி நூலை முறுக்கிக்கொண்டிருந்த லிதியானாவின் விரல்கள் நின்றன.

"மச்சானுக்குத் தோல் உரிஞ்சாலும் வாய் மட்டும் ஓயவே ஓயாது," என்றான் சைலோசி. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் தன் நகத்தை. ஊருக்கே முதலிலிருந்து தெரியும் என்பதும், தெரியாதிருந்தவள் அவள் ஒருத்திதான் என்பதும் அப்போதுதான் அபோரோசாவுக்கு உறைத்தது.

விஷயம் புரியாத மகெரேதா கைப்பேசியை எடுத்தாள். இங்கே யாருக்காவது இருக்கிறதா, புத்தகத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் கால்ல இருக்கு. எடுத்துக்குங்க," என்றாள் லிதியானா. குரலில் கோபம் இல்லை.

அவர் சுலுவை உயர்த்தினார். கால் சாம்பல் பூசியதுபோல் வெளுத்து வெடித்திருந்தது. மகெரேதா மூன்று முறை படம் எடுத்தாள். காலை மடக்கியபோது பாயில் நாலைந்து செதில்கள் உதிர்ந்தன.

லிதியானா எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே முறைப்படி குனிந்தபடி வந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். ஒரு கையால் செதில்களைக் கூட்டி மறு கையில் அள்ளினாள்.

"லிதி," என்றார் மெல்ல.

அவள் வெளியே போய் உதறவில்லை. மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.