இரண்டு வழியாகவும் வந்த ஒளி

ஆய்வுக்கூடத்து லேசர் கருவிகளைப் பராமரிப்பது அவள் வேலை. பதினொரு வருடமாக அதே மேசை, அதே கண்ணாடிகள். பார்வையாளர் நாளன்று லாரி ஓட்டும் அண்ணன் சலவைச் சட்டையோடு வந்து நின்றபோது, ஐந்து நிமிடத்தில் காட்டி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

"ஒரு நேரத்துல ஒத்தை ஒளித்துகள்தான் வரும்ணா. இந்தக் கண்ணாடிகிட்ட வழி ரெண்டாப் பிரியுது. அந்தக் கோடியில திரும்பச் சேருது. அங்க ரெண்டு பக்கமும் எண்ணுற கருவி இருக்கு."

வலது கருவி டிக் டிக்கென்று ஓயாமல் எண்ணியது. இடது கருவி வாயே திறக்கவில்லை.

"இப்ப ஒரு வழியை அடைங்க."

அவள் நீட்டிய அட்டையை அண்ணன் பயந்து பயந்து ஒரு வழியில் நுழைத்தார். வலது கருவியின் வேகம் குறைந்தது. சும்மா கிடந்த இடது கருவி எண்ணத் தொடங்கியது. அட்டையை எடுத்தார், அடங்கிவிட்டது. மறுபடி வைத்தார், எண்ணியது.

"என்ன குட்டி இது? ரோட்டை அடைச்சா வண்டி குறையணும். வராத ஊருக்கு எப்படி வண்டி வருது?"

"ரெண்டும் திறந்திருந்தா ஒத்தைத் துகளே ரெண்டு வழியிலயும் போகுதுண்ணா. சேருற இடத்துல, இடது பக்கம் போற அலை ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்குது. ஒரு வழியை அடைச்சா அழிக்க ஆளில்ல, அதான் அங்கயும் வருது. உலகமே இப்படித்தான் கிளை பிரியுது, நடக்கக்கூடியது எல்லாம் எங்கேயோ நடக்குதுன்னு சில பேர் சொல்றாங்க. இல்ல, உலகம் ஒண்ணுதான்னு சண்டை போடுறவங்களும் இருக்காங்க. யாரும் நிரூபிக்கல."

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீ பத்தாவது படிக்கிறப்ப ஒரு பாலம் இடிஞ்சுதே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு அந்த வழியாத்தான் கிளம்பினேன். பிரியுற இடத்துல இண்டிகேட்டர்கூடப் போட்டுட்டேன். என்ன தோணுச்சோ, வண்டியை மத்த ரோட்டுல திருப்பிட்டேன்."

இத்தனை வருடத்தில் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"பாலத்துல போன நான் ஒருத்தன் இருக்கான்னே வெச்சுக்க," என்றார் அண்ணன். "அப்பா அம்மாவும் இல்ல. அங்க உன்னை யாரு படிக்க வெச்சிருப்பா?"

உலகம் கிளை பிரிவதைக் கேட்பவர்களிடமெல்லாம் அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்லி வந்தாள். இன்று முதல் முறையாக, தன் முகமே கொண்ட ஒரு சிறுமி எங்கோ வாசலில் அண்ணனுக்காகக் காத்து நிற்பது கண்ணில் தெரிந்தது.

"தெரியலண்ணா," என்றாள்.

"படிச்சிருப்பா," என்றார் அவர். "உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா?"

அடுத்த குழு கதவைத் தட்டியது. அவள் எழவில்லை. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த டிக் டிக்கை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவள்போல் கேட்டுக்கொண்டிருந்தாள்.