இரண்டாம் மனைவியின் குரல்

பாலாம்பிகைக்கு ஜேர்மனியின் மேல் இருந்த கோபம் அந்த நாட்டுக்கே தெரியாது. அவள் அங்கே ஒருநாளும் போனதில்லை. போனவர் அவளுடைய புருஷன் ஜீவரத்தினம். டோர்ட்முண்ட் நகரத்தில் பதினாலு வருஷம் பீற்சாக் கடை அடுப்படியில் நின்று, பாஸ்போர்ட் எடுத்து, பிறகு லண்டனுக்கு வந்து அவளைக் கட்டினார். நல்ல மனுஷன், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பதினாலு வருஷத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் "குளிர், வேலை, நித்திரை" என்று மூன்று சொல்லில் கதையை முடித்துவிடுவார். பதினாலு வருஷத்துக்கு மூன்று சொல் போதுமா? எந்தப் பெண்சாதி நம்புவாள்?

லண்டனில் அவர்கள் குடியிருந்த ரெய்னர்ஸ் லேனில் எல்லாருக்கும் அவர் ரத்தினம் அண்ணை. அவளுக்கு அவர் "இஞ்சாருங்கோ". அப்படியிருக்க, 2006ஆம் ஆண்டு கோடையில் டோர்ட்முண்டிலிருந்து ஏழு வயது மகள் சாருஜாவோடு வந்து மூன்று தெரு தள்ளி வீடு எடுத்த மேரிறோஸ், மரக்கறிக் கடை வாசலில் வைத்து அவரை "ஜீவா" என்று கூப்பிட்டாள். அவரும் உடனே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஜீவாவாம்! அந்தப் பெயரில் ஒருவர் தன் வீட்டில் ஆறு வருஷமாகச் சாப்பிட்டுப் படுத்தெழும்புகிறார் என்பது பாலாம்பிகைக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. கையில் இருந்த முருங்கைக்காயைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போவோம் என்றாள்.

மேரிறோஸின் புருஷன் அவளை விட்டுவிட்டுப் போய் மூன்று வருஷம். ஆளும் வடிவு. இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தாலும் பாலாம்பிகை கொஞ்சம் நித்திரை கொண்டிருப்பாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் படம் வந்து சேர்ந்தது. ஹரோவில் ஒரு கலை வட்டத்தை நடத்துகிற தில்லையம்பலம் அண்ணை, ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஏதாவது செய்து எல்லாருடைய உயிரையும் எடுப்பவர். அந்த வருஷம் அவருக்குப் பிடித்தது ஒரு பேய்ப்படம். ஜேர்மன்காரர் எண்பது வருஷத்துக்கு முதல் எடுத்தது. அதற்கும் நூறு வருஷம் முந்தின நாவலிலிருந்து எடுத்த கதை. கறுப்பு வெள்ளை, பேச்சுக் கிடையாது. மலையுச்சிக் கோட்டையில் ஒரு பிரபு. அவருடைய முதல் மனைவி செத்துவிட்டாள், ஆனால் வீட்டை விட்டுப் போகவில்லை. பிரபு இரண்டாம் தாரம் கட்டிக்கொண்டு வந்து இறங்கியதும், செத்தவள் பொறாமை தாங்காமல் கோட்டையின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வருகிறாள்.

பேச்சுக்குப் பதிலாகத் திரையில் இடையிடையே எழுத்து வரும். அவ்வளவும் ஜேர்மன். அதைத் தமிழாக்கி, மேடைக் கரையில் மைக் வைத்து ஓர் ஆணும் பெண்ணும் குரல் கொடுத்தால் எப்படியிருக்கும் என்று தில்லையம்பலம் அண்ணைக்கு யோசனை வந்தது. ஜேர்மன் தெரிந்த ஆண், ஜீவரத்தினம். ஜேர்மன் தெரிந்த பெண் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இரண்டு பேரும் பாலாம்பிகையின் முன்னறையில் இருந்து படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதினார்கள். குசினியில் நின்று கேட்டால் தமிழில் தொடங்கும் கதை பாதியில் ஜேர்மனுக்கு மாறும், பிறகு சிரிப்புக் கேட்கும். அவள் தேத்தண்ணியோடு உள்ளே போனதும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். அவளுக்கும் விளங்கட்டும் என்ற மரியாதைக்கு மாறினார்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. அவளுக்கோ ஒளிக்கிறார்கள் என்றுதான் பட்டது. தன் புருஷன் இப்படிச் சத்தம் போட்டுச் சிரிப்பார் என்றே அவளுக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பையும் ஜேர்மனியில் விட்டுவிட்டு மிச்சத்தைத்தானே அவளிடம் கொண்டுவந்திருக்கிறார்!

கலியாண அழைப்பிதழும், செத்தவர்களின் நினைவாக முப்பத்தோராம் நாள் கொடுக்கிற அந்தியேட்டிப் புத்தகமும் வீட்டிலிருந்தே தமிழில் ரைப் பண்ணிக் கொடுப்பது பாலாம்பிகையின் தொழில். ஆகவே கையெழுத்துப் பிரதியும் அவளுடைய மேசைக்குத்தான் வந்தது. இருபத்திரண்டு தாள், எல்லாம் ஜீவரத்தினத்தின் உருண்டை எழுத்து. பதினாறாம் தாளின் ஓரத்தில் மட்டும் சாய்ந்த எழுத்தில், பச்சை மையில், வேறு ஒரு கை எழுதியிருந்தது.

"ஜீவா, கிஃப்ட்டை மறந்திடாதேங்கோ. சனிக்கிழமைக்கு முதல் முடிவெடுக்க வேணும்."

கிஃப்ட் என்ற அந்த ஒரு சொல் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது, அடியில் இரண்டு கோடு. பாலாம்பிகை கதிரையை விட்டு எழும்பி, ஒருமுறை யன்னலடிக்குப் போய், திரும்பி வந்து மறுபடி வாசித்தாள். வெட்கம் கெட்டவள், வாய் திறந்து பரிசு கேட்கிறாள்! அதுவும் கட்டின பெண்சாதி ரைப் பண்ணப்போகிற தாளில்!

அன்றையிலிருந்து கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தாள். வியாழக்கிழமை புருஷனுடைய கோட்டுப் பையில் கடதாசி சுற்றின ஒரு சின்னப் போத்தல் கிடைத்தது. நீலக் கண்ணாடி, கண்ணாடியிலேயே மூடி. செண்ட் போத்தலேதான். மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள், மணமில்லை. வாசமில்லாத செண்ட் உலகத்தில் உண்டா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. ஆறு வருஷத்தில் தனக்கு அவர் வாங்கித் தந்த பரிசுகளை எண்ணிப் பார்த்தாள். ஒரு பிரஷர் குக்கர், ஒரு குளிர்ச் சப்பாத்து. இரண்டும் அவளாகக் கேட்டு வாங்கினவை.

புருஷனிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர் போய்விட்டால் அவளுக்கு லண்டனில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆகவே திங்கட்கிழமை காலை, அவர் வேலைக்குப் போனபிறகு, தில்லையம்பலம் அண்ணைக்குப் போன் எடுத்தாள். சுகம் விசாரித்தாள். அவருடைய சீனி வருத்தத்துக்கு மருந்து ஒழுங்காக எடுக்கிறாரா என்று விசாரித்தாள். கடைசியில், குரலைத் தாழ்த்தி, சொல்லவந்ததைச் சொன்னாள்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. ஆனா டோர்ட்முண்டில அந்தப் பிள்ளையைப் பற்றி என்ன கதைச்சவையெண்டு ஆருக்குத் தெரியும்? நாளைக்கு உங்கட வட்டத்துக்கெல்லே கெட்ட பேர்."

டோர்ட்முண்டில் யார் என்ன கதைத்தார்கள் என்று அவளுக்கு ஒரு இழவும் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னாள். அது போதுமாயிருந்தது. பேய்க்குப் பயப்படாத தில்லையம்பலம் அண்ணை பெயர் கெடுவதற்குப் பயந்தவர். அன்று பின்னேரமே மேரிறோஸிடம், சபையில் சிலர் விரும்பவில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இரண்டாம் மனைவிக்கு இனி யார் குரல் கொடுப்பது என்று அவர் தலையைச் சொறிய, ரைப் பண்ணுகிறவளே வாசித்தால் என்ன என்று பாலாம்பிகை ஆறுதல் சொன்னாள்.

ஜீவரத்தினம் இடிந்துபோனார். "ஆரோ அவவைப் பற்றிப் பிழையாக் கதைச்சிருக்கினம்" என்று இரண்டு நாளாகச் சாப்பிடும்போதெல்லாம் சொன்னார். ஒத்திகை பார்க்க அவருக்கு மனமில்லை. வேலையும் தொடர்ந்து இருந்தது. வெள்ளிக்கிழமைதான் பாலாம்பிகை ரைப் பண்ணி முடித்தாள். எல்லாம் தமிழில் இருக்க மூன்று இடத்தில் அந்தக் கிஃப்ட் மட்டும் அப்படியே கிடந்தது. படத்திலும் பரிசு வருகிறதாக்கும், அதைத் தமிழில் எழுதவும் கள்ளருக்குக் கை வரவில்லை என்று நினைத்து, மூன்று இடத்திலும் பரிசு, பரிசு, பரிசு என்று அழுத்தி அடித்தாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஹரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. இருநூறு சனம். ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறின குடும்பங்கள் கடைசி இரண்டு வரிசையிலும் கூட்டமாக இருந்தார்கள். பட்டுச்சேலை உடுத்துப் புருஷனுக்குப் பக்கத்தில் மைக்குக்கு முன்னால் இருந்தபோது பாலாம்பிகைக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மூன்றாம் வரிசையில் மேரிறோஸைக் கண்டதும் அது கொஞ்சம் குறைந்தது. மகளைப் பக்கத்தில் இருத்திவைத்து, ரிக்கெற்றை மடியில் வைத்துக்கொண்டு அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். வருவதற்கும் ஒரு துணிவு வேண்டும் என்று பாலாம்பிகை நினைத்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் ஒரு மணித்தியாலம் அவள் நன்றாகத்தான் வாசித்தாள். செத்தவள் நிலைக்கண்ணாடிக்குள் வந்து நின்ற இடத்தில் முன்வரிசைச் சனம் மூச்சு விடவில்லை. பொறாமையைப் பற்றின வசனங்களை அவள் வாசித்த விதத்தைப் பார்த்துத் தில்லையம்பலம் அண்ணையே கண்ணைத் துடைத்தார்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. செத்தவளின் சொல் கேட்டுப் பிரபு அலுமாரியைத் திறக்கிறார். உள்ளே ஒரு போத்தல். போத்தலில் ஒட்டின கடதாசி திரை முழுக்கப் பெருத்துத் தெரிகிறது. சத்தம் ஜீவரத்தினத்தின் வேலை, கடதாசியை வாசிப்பது பெண்குரலின் வேலை. ஜீவரத்தினம் மேசைக்குக் கீழே கையை விட்டு அந்த நீலப் போத்தலை எடுத்து, மைக்குக்கிட்டப் பிடித்து, கண்ணாடி மூடியை இழுத்தார். கிளிங் என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. பாலாம்பிகை அந்தப் போத்தலைப் பார்த்தாள். பார்த்தபடியே, தாளில் தான் அடித்திருந்ததைக் கணீரென்று வாசித்தாள்.

"பரிசு. என் அன்பு மனைவிக்கு."

ஜீவரத்தினம் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். திரையில் பிரபு அந்தப் பரிசை மனைவியின் கோப்பைக்குள் ஊற்ற, அவள் குடித்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மனுஷி எழும்பி, "தங்கச்சி, அது பரிசு இல்லையம்மா, நஞ்சு. ஜேர்மனில கிஃப்ட் எண்டா நஞ்சு" என்றாள். கடைசி இரண்டு வரிசையும் சிரித்தது. அங்கேயிருந்து சிரிப்பு முன்னுக்கு வந்து மண்டபம் முழுக்கப் பரவியது. சிரிக்காமல் இருந்தது மூன்று பேர். மைக்குக்கு முன்னால் இருந்த இரண்டு பேரும், மூன்றாம் வரிசையில் மேரிறோஸும்.

மேசை விளக்கின் வெளிச்சத்தில் ஜீவரத்தினம் அவளுடைய தாளில் ஒரு சொல்லை வெட்டி மேலே நஞ்சு என்று எழுதினார். "தமிழில விஷமோ நஞ்சோ எண்டு முடிவெடுக்கேலாம அப்பிடியே விட்டது" என்று மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார். பச்சை மை எழுத்து பாலாம்பிகையின் கண்ணுக்கு முன்னால் வந்தது. மறந்திடாதேங்கோ, முடிவெடுக்க வேணும். மிச்சப் படத்துக்கு அவள் குரல் கொடுத்தாள்தான். என்ன வாசித்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

படம் முடிந்து சனம் வடைக்கும் தேத்தண்ணிக்கும் போனபோது மேரிறோஸ் அவளிடம் வந்தாள். பாலாம்பிகை சுவரோடு ஒட்டி நின்றாள். மேரிறோஸ் சாதாரணமாக, ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னாள். ஜேர்மனிக்குப் போனபிறகு வேறு நாட்டில் ஒருநாளும் காலடி வைக்காதவள், லண்டன் எயார்போட்டில் வந்து இறங்கியதும் கிஃப்ட் ஷொப் என்ற போர்ட்டைக் கண்டாளாம். நஞ்சை இப்படி வெளிச்சம் போட்டு விற்கிறார்களே என்று பயந்து, கரடி பொம்மையைக் கண்டு உள்ளே ஓடின மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாளாம். பிள்ளை அழுத அழுகையில் பொலிஸ் வந்ததாம். "எல்லாருக்கும் சொல்லு மாறுறதுதான் அக்கா" என்றாள்.

ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறாள்! பாலாம்பிகை சுவரை விட்டு விலகி அவளுக்கு நேரே நின்றாள்.

"மேரிறோஸ், தில்லையம்பலம் அண்ணைக்குச் சொன்னது நான்."

"தெரியும் அக்கா. அண்ணையே பிறகு சொன்னவர்." மேரிறோஸ் குனிந்து மகளின் கோட்டுப் பொத்தானைப் பூட்டினாள். "டோர்ட்முண்டிலயும் இப்பிடித்தான் ஆரோ கதைச்சது. அதாலதான் என்ர மனுசன் விட்டிட்டுப் போனவர். ஜீவாட்டை நான் சொல்லேல்லை. நீங்களும் சொல்லாதேங்கோ. உங்கட குடும்பமாவது நல்லா இருக்கட்டும்."

சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஜீவரத்தினம் கார் ஓட்டினார். மேரிறோஸ் என்ன சொன்னவ என்று கேட்டார். கிஃப்ட் ஷொப் கதை சொன்னாள் என்று பாலாம்பிகை சொல்ல, "ஓ, அந்தக் கரடிக் கதையோ" என்று சிரித்தார். அவருக்கு முதலே தெரியும். பாலாம்பிகைக்குள் பழைய எரிச்சல் எழும்பியது. இவ்வளவு நடந்தும் அது சாகவில்லை. அவளுக்கே தன்னைப் பார்த்துச் சீ என்று இருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒன்றும் நடக்காது. புருஷன் இருப்பார், வீடு இருக்கும். ஆனால் அது மேரிறோஸ் போட்ட பிச்சையாக இருக்கும். தன் புருஷனிடம் தான் மறைக்கிற ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தெருவில் காணும்போதெல்லாம் அவள் அதைச் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போவாள். இருந்த பொறாமையெல்லாம் போதாதென்று அந்த நல்ல மனதின் மேலும் பொறாமைப்பட்டுக்கொண்டு எத்தனை வருஷம் இருப்பது? ஸ்ரேஷனடிச் சிக்னலில் சிவப்பு விழுந்து கார் நின்றது.

"இஞ்சாருங்கோ," என்றாள். "மேரிறோஸைப் பற்றிப் போன் பண்ணிச் சொன்னது நான்தான். இல்லாததைச் சொன்னனான்."

ஜீவரத்தினம் ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது. கார் அசையவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான், இன்னொருமுறை அடித்தான். அப்போது அவர், அவளோடு ஒருநாளும் கதைக்காத ஜேர்மன் பாஷையில், மெதுவாக ஒரே ஒரு சொல் சொன்னார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று பாலாம்பிகை கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே ஜேர்மன் சொல் அதுதான்.