முதுகின் மேல் இரண்டு பாதங்கள்

நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். காலையில் ஏறி உட்கார்ந்தால் பிற்பகலில்தான் இறங்குவாள். இறங்கும்போது முதுகு பலகையாக விறைத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் ஒரு விரிப்பைப் போட்டுக் குப்புறப் படுத்துவிடுவாள். அதற்காகவே காத்திருந்தது போல மகள் ஓடிவந்து முதுகில் ஏறி மிதிப்பாள். ஆள் பொடிசு, பேச்சு காரம். அதனால் வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். அவள் வழுக்கி விழாதபடி அப்பா எதிரே குனிந்து நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார்.

"கொஞ்சம் மேல... அங்கதான், அங்கேயே நில்லு" என்று அம்மா முனகுவாள். மிளகு தன் பள்ளிக்கூடச் சண்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பாள். அப்பா தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்றைக்கு வந்தவர்களைப் போலப் பேசிக் காட்டுவார். மூன்று பேரும் ஒன்றாகச் சிரிக்கிற நேரம் அந்த வீட்டில் அதுதான்.

அந்தக் கோடையில் ஓவிய அருங்காட்சியகம் சனிக்கிழமைதோறும் குடும்பங்களை வரச்சொல்லிப் படம் வரையவைத்தது. தாள், வண்ணம் எல்லாம் அவர்களே தந்தார்கள். சனிக்கிழமை அம்மாவுக்கு விடுப்பு கிடைக்காது. அப்பாதான் மிளகைக் கூட்டிப்போனார். 'எங்கள் வீட்டில் ஒரு நாள்' என்ற தலைப்புக்கு மிளகு வரைந்த படம் கோடைக் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது. செய்தி கேட்ட அன்று டிப்போவில் அவள் சொல்லாத ஆள் பாக்கியில்லை. கண்காட்சி திறக்கும் நாளுக்காக மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்கினாள்.

மூவரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போனார்கள். பெரிய கூடத்தின் நடுச்சுவரில், தனி விளக்கு வெளிச்சத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது படம். மேலே நின்று குனிந்து பார்க்கிறவளின் கண்ணுக்குத் தெரிவதைத்தான் மிளகு வரைந்திருந்தாள். தாள் முழுக்க அம்மாவின் முதுகு. கலைந்த கூந்தல். முகம் தெரியவில்லை. அதன்மேல் இரண்டு சின்னப் பாதங்கள். மேல் மூலைகளிலிருந்து நீளும் இரண்டு பெரிய கைகள்.

"உன் கை எங்கடி?" என்றாள் அம்மா.

"அப்பா கைக்குள்ள இருக்கு. அதான் தெரியல" என்றாள் மிளகு.

அம்மாவுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. எதிரே நின்றிருந்த ஒரு பெண் தன் தோழியிடம் தணிந்த குரலில், "பாவம் இந்தக் குழந்தை. எதையெல்லாம் பார்த்து வளருதோ" என்றபோது அது வேறு எந்தப் படத்தைப் பற்றியோ என்றுதான் நினைத்தாள். அப்புறம்தான் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்தாள்.

'தரையில் முகம் கவிழ்ந்து கிடக்கும் தாய். செய்வதறியாது நிற்கும் குழந்தையின் பாதங்கள். மேலிருந்து இறங்கும் ஆணின் கரங்கள். பேருந்து ஓட்டுநரான ஒரு தாயின் மகள் தீட்டிய இந்த ஓவியம், உழைக்கும் குடும்பங்களின் மூடிய கதவுகளுக்குப் பின்னால் நிகழும் வன்முறைக்கு மௌன சாட்சி.'

இரண்டாம் முறை படித்தாள். காது மடல் சுட்டது. அம்மா பஸ் ஓட்டுகிறாள் என்று அருங்காட்சியகத்தாரிடம் பெருமையாகச் சொன்னவர் அவள் கணவர்தான். அவரும் படித்துவிட்டார். கைகள் இரண்டையும் மெல்லக் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார்.

"இது நான் வரைஞ்சது" என்று மிளகு அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் மிளகைப் பார்த்தாள். பின்னால் நின்ற அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். தன் மகனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப்போனாள்.

கோபித்துக்கொண்ட மகளின் பொம்மைக்கு முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிற மனிதர் அவர். அவரைப் பார்த்து ஒருத்தி ஒதுங்கிப் போகிறாள்.

"விடும்மா. வா, போயிடலாம்" என்றார்.

"எதை விடறது? நீங்க இங்கேயே நில்லுங்க" என்று அவள் பொறுப்பாளரைத் தேடிப் போனாள்.

கண்காட்சிப் பொறுப்பாளர் மிக மரியாதையான ஆள். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். அவள் உட்காரவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

"அந்த அட்டையில இருக்கறது பொய், சார். எனக்கு முதுகு வலி. என் பொண்ணு மிதிச்சுவிடறா. அவ விழாம அவங்க அப்பா பிடிச்சிருக்கார். அவ்வளவுதான் படம்."

"குழந்தைகள் படத்தைப் பத்தி நல்லா தெரிஞ்சவங்க எழுதினது மேடம். இது ஒரு பார்வை."

"எழுதறதுக்கு முன்னாடி என் பொண்ணுகிட்ட யாராவது கேட்டீங்களா?"

"கேட்டா குழந்தையோட இயல்பு கெட்டுடும்."

"ஒரு வார்த்தை கேட்டா கெட்டுடும். அவ அப்பன் அடிக்கிறவன்னு ஊருக்கே எழுதி ஒட்டினா கெடாதா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், எங்ககிட்ட எதையும் மறைக்க வேண்டியதில்ல. உங்களை மாதிரி நிலைமையில இருக்கற பெண்களுக்கு உதவறவங்க இருக்காங்க. நம்பர் தரட்டுமா?"

குடித்துவிட்டு ஏறுகிறவன், படிக்கட்டில் தொங்குகிறவன், குறுக்கே பாய்கிறவன் என்று தினமும் எத்தனை பேரிடம் மல்லுக்கட்டுகிறவள் அவள். யாரும் இவ்வளவு இனிமையான குரலில் அவள் முகத்தில் சாணி அடித்ததில்லை.

விறுவிறுவென்று கூடத்துக்குத் திரும்பி வந்தவள், அட்டையின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினாள். காவலாளி ஓடிவந்தார். "அம்மா, தொடக்கூடாதும்மா. என் வேலை போயிடும்."

மிளகு அழ ஆரம்பித்தாள். "என் படத்தை எடுக்காதம்மா. எல்லாரும் பாக்கட்டும்."

அம்மா கையை இறக்கினாள். குழந்தை சொல்வதிலும் நியாயம் இருந்தது. படம் என்ன தப்பு செய்தது? சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. அத்தனை பேர் முகத்திலும் அதே இரக்கம். அந்த இரக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். படத்துக்கு நேர் கீழே, பளபளக்கும் அந்தத் தரையில், நல்ல உடுப்போடு குப்புறப் படுத்தாள்.

"மிளகு, ஏறு."

மிளகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா அசையாமல் நின்றார்.

"ஏங்க, பிள்ளை விழுந்துடுவா. வந்து பிடிங்க."

கால்சட்டைப் பைகளிலிருந்து கைகள் வெளியே வந்தன. மிளகு அந்தக் கைகளைப் பற்றிக்கொண்டு முதுகில் ஏறினாள்.

"இடது பக்கம். இன்னும் மேல. நேத்து முழுக்க அந்த இடம் உயிர் போச்சு" என்றாள் அவள் தரையோடு தரையாக.

கூட்டத்தில் யாரோ படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் முதலில் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். காவலாளி என்ன செய்வதென்று தெரியாமல், கூட்டம் நெருக்காதபடி கைகளை விரித்து நின்றார். மகனை இழுத்துக்கொண்டு நகர்ந்த பெண் கிட்டே வந்து, "தப்பா நினைச்சுட்டேங்க" என்றாள், மிளகின் அப்பாவிடம். அவர் தலையை மட்டும் அசைத்தார். இரண்டு கையிலும் மிளகு இருந்தாள்.

பொறுப்பாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் பழைய அட்டை போய்ப் புது அட்டை வந்திருப்பதாக டிப்போத் தோழி ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். 'இது முதுகு மிதிக்கும் காட்சி என்று குடும்பத்தினர் கூறுகின்றனர்.'

"கூறுகின்றனராமே. அப்ப இன்னும் நம்பலையா?" சீருடையோடேயே அங்கே போய் நின்றாள் அம்மா. இந்த முறை இயக்குநர் அம்மாள் வரை போனது விஷயம். குழந்தை சொல்வதை அப்படியே போடுகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அப்பா மிளகைக் கூட்டிவந்தார். மிளகு சொன்னாள், அவர்கள் எழுதினார்கள்: 'அம்மா முதுகு. நான் மிதிக்கிறேன். அப்பா பிடிச்சுக்கிறார்.'

ஆனால் அவள் கணவரிடம் அருங்காட்சியகத்தார் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பொறுப்பாளர் அவரைப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

"அதான் மாத்திட்டாங்களே. போகட்டும்" என்றார் கணவர், வீடு திரும்பும்போது.

"உங்களுக்குப் போகும். எனக்குப் போகாது" என்றாள். அது உண்மையும்கூட. பல நாள் கழித்தும், சிக்னலில் நிற்கும்போது அந்த இனிமையான குரல் நினைவுக்கு வந்தால், ஸ்டியரிங்கைப் பிடித்த கை இறுகும்.

மறுபடியும் படம் வரையப் போகவேண்டும் என்று மிளகு அடம் பிடித்தாள். கோடை முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை வேலையை வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டு அம்மாவும் கூடப் போனாள். குட்டை மேசைகளும் குழைத்த வண்ணங்களுமாக அறை இரைச்சலாக இருந்தது. உதவிக்கு இருந்த இளம்பெண் மேசை மேசையாக வந்து, படங்களை எட்டிப் பார்த்துத் துண்டுத்தாளில் ஏதோ குறித்துக்கொண்டே போனாள். மிளகின் மேசைக்கு வந்து பேனாவைத் தாளில் வைத்தாள்.

"கேட்டுட்டு எழுதும்மா" என்றாள் மிளகின் அம்மா.

இளம்பெண் முகம் சிவந்து, குழந்தையின் பக்கமாகக் குனிந்தாள். "இது என்ன படம் கண்ணு?"

மிளகு தூரிகையை நிறுத்தாமல் சொன்னாள், "இன்னும் முடியல. அப்புறம் வாங்க."