தோற்ற கட்சியின் தண்ணீர்ப் பந்தல்

வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் காலை, நெல்லித்தோப்பில் சந்து முனையில் இருந்த தண்ணீர்ப் பந்தலைப் பிரிப்பதற்காகக் கலைச்செல்வன் வண்டியோடும் இரண்டு ஆட்களோடும் வந்து நின்றார். கட்சியின் கிளைச் செயலாளர் அவர். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தொகுதி கைவிட்டுப் போயிருந்தது. அதில் அறுபத்தொன்று இந்தப் பகுதியின் வாக்குச்சாவடி ஒன்றில் மட்டும் விழுந்த பள்ளம்.

அந்தச் சாவடியில் கட்சியின் முகவர் மேனகா. அவளுக்கு அந்த அறுபத்தொன்றை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. யார் தலையாட்டிவிட்டு மாற்றிப் போட்டார்கள் என்று வீடு வீடாக மனத்துக்குள் துழாவத் தொடங்கி, பாதியில் நிறுத்தியிருந்தாள். தொடர்ந்தால் எதிரே வருகிற ஒவ்வொருவரையும் சந்தேகிக்கும் கண்தான் மிஞ்சும் என்று தோன்றியது.

தேர்தல் தேதி அறிவிப்பதற்கு முன்பே போட்ட பந்தல். திறந்த அன்று ஒலிபெருக்கியில் பேசியவளும் அவள்தான். அக்னி நட்சத்திரம் முடியும்வரை இந்தப் பானைகள் வற்றாது என்று சொல்லியிருந்தாள். அது முடிய இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது.

குடித்த வாய் ஒன்றும் நமக்கு ஓட்டுப் போடவில்லை, தாகம் எடுத்தால் ஜெயித்தவனிடம் போய்க் கேட்கட்டும் என்றார் கலைச்செல்வன். மேனகா பானையின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"இன்னிக்குப் பிரிச்சா, ஓட்டுக்குத்தான் ஊத்தினோம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்ணே."

"கொடியையாவது அவுத்துடு. சிரிக்கிறானுங்க."

"சிரிக்கட்டும். யாரு ஊத்துறாங்கன்னு தெரியணும்ல?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்களையும் வண்டியையும் திருப்பிக்கொண்டு போனார்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அவளுக்குப் பிற்பகல் ஷிப்டு. அதற்குள் ஸ்கூட்டியில் குடிநீர் நிலையத்துக்குப் போய் இரண்டு கேன் பிடித்து வந்தாள். நிறைந்த கேனைத் தூக்கிப் பானையில் கவிழ்ப்பது இரண்டு பேர் வேலை. தனியாக முயன்றதில் முதல் கேனில் பாதி தெருவுக்குப் போயிற்று.

அப்போதுதான் இனிப்புப் பெட்டியோடு பாக்யலட்சுமி வந்தாள். ஜெயித்த கட்சியின் முகவர். அதே சாவடியில் அடுத்த நாற்காலியில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவள்.

"என்னாடி, அடுத்த எலெக்‌ஷனுக்கு இப்பவே ஆரம்பிச்சிட்டியா?"

"ஆமா. ஸ்வீட்டை வெச்சிட்டு அந்தப் பக்கம் புடி."

பாக்யலட்சுமி ஒரு கணம் கொடியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பெட்டியை வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு பிடித்தாள். பானை நிறைந்ததும் முதல் டம்ளரை அவளே குடித்தாள்.

"உங்க எம்.எல்.ஏ. கிட்ட சொல்லு," என்றாள் மேனகா. "இந்தச் சந்துக் குழாயில ரெண்டு வருஷமா காத்துதான் வருது. வியாழக்கிழமை மனு எடுத்துட்டு வர்றேன்."

"அவருக்கு ஓட்டுப் போடாதவ நீ."

"போடலதான். இனிமே எனக்கும் அவருதான எம்.எல்.ஏ.? நீயும் கையெழுத்துப் போடு. உன் வீட்டுக் குழாயும் இதே லைன்தான்."

பார்க்கலாம் என்று சிரித்துவிட்டு, ஒரு லட்டை அவள் கையில் வைத்துப் போனாள் பாக்யலட்சுமி. மேனகா அதைத் தின்று முடித்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். பெறுநர் என்று எழுதி, அதன் கீழே, இரண்டு மாதமாகத் தெருத்தெருவாகத் தான் எதிர்த்துப் பேசிய பெயரை, மாண்புமிகு என்ற சொல்லை முன்னே வைத்து, முழுதாக எழுதினாள்.